கம்ப்யூட்டர் படிப்பில் மேல் கீழ் ஏது?

(நாகர்கோவிலில், பிளஸ் டூ தேறிய பிள்ளைகளும் அவர்களது பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)

பரீட்சை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தாற்போல் எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் மக்களே!

இன்று நாம் பேச ஒப்புக்கொண்ட விஷயமானது, கம்ப்யூட்டரின் ஹார்ட்வேர், சாப்ட்வேர் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கற்கும்படியான கல்லூரிப் படிப்பை எடுப்பது சரியா, எடுப்பதானால் எதைப் பார்த்து எடுப்பது என்பதாகும். நாம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. வேண்டியதை நாமே தேடிப் படித்து, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர். ஆகவே, எந்தக் கல்லூரியின் பேரிலும் நமக்கு விருப்போ வெறுப்போ கிடையாது. இதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை.

முதலாவது, நம் ஊரில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வடசேரிச் சந்தைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்குகிறவர் அதைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்கிறார், சுண்டிப் பார்க்கிறார், கண் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார், பிறகு விலை பேசுகிறார். ஆனால் அதே மனிதர், இருந்த பத்து சென்ட் விளையை விற்று, நான்கு வருஷத்துக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டும்போது, அந்தப் படிப்பில் என்ன சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மகன் அதைப் படித்துப் பெங்களூருக்குப் போனான், ஆகையால் நம் மகனும் அதையே படிக்கட்டும் என்கிறார். இல்லாவிட்டால் கமிஷனுக்குப் பிள்ளை பிடிக்கும் ஏஜெண்டு சொன்னதைக் கேட்கிறார். அதுவும் இல்லாவிட்டால் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். மாப்பிள்ளை பார்க்கத்தான் ஜாதகம் என்று இருந்தது போய், கவுன்சிலிங்கில் எந்தப் பிரிவை முதலில் போடுவது என்பதற்கும் ஜாதகம் என்று ஆகிவிட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கட்டம் போட்டவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரிந்திருக்க முடியும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் மேலாக ஒரு பெரிய குழப்பம் இருக்கின்றது. அதாவது, சாப்ட்வேர் என்பது மேலான படிப்பு, ஹார்ட்வேர் என்பது கீழான படிப்பு என்பதாக ஜனங்கள் எண்ணிக்கொண்டிருப்பது. சாப்ட்வேர் என்றால் குளுகுளு அறை, நாற்காலி, கறைபடாத சட்டை. ஹார்ட்வேர் என்றால் பழுது பார்க்கும் கடை, ஸ்குரூ டிரைவர், ஈயம் பற்றவைக்கிற புகை. இப்படி ஒரு படம் நம் மனதில் பதிந்துவிட்டது. இந்தப் படத்தை யார் வரைந்தார்கள்? நம் நாட்டில் கையால் வேலை செய்கிறவன் தாழ்ந்தவன், கை நனையாமல் உட்கார்ந்து சொல்லுகிறவன் உயர்ந்தவன் என்று வெகுகாலமாய்ப் பழக்கிவைத்தார்களே, அந்தப் பழக்கமேதான் இன்று கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்துகொண்டிருக்கிறது. வர்ணத்தை ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர் வீட்டிலேயே, மகனுடைய படிப்பில் வர்ணம் பார்க்கிறார்கள் என்றால் இதைவிட வேடிக்கை என்ன இருக்கின்றது?

நிற்க. இந்த இரண்டும் உண்மையில் என்ன என்பதை நம் ஊர்க் காரியத்தைக் கொண்டே சொல்லுகிறோம். பேச்சிப்பாறை அணையை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அணை இருக்கிறது, அதிலிருந்து அனந்தனார் சானல், தோவாளைச் சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு என்று கால்வாய்கள் போகின்றன, கால்வாயில் ஷட்டர்களும் மடைகளும் இருக்கின்றன. இவை எல்லாம் ஹார்ட்வேர். கன்னிப்பூவுக்கு எப்போது தண்ணீர் விடுவது, கும்பப்பூவுக்கு எப்போது விடுவது, எந்த மடையை எத்தனை நாள் திறப்பது, கடைவரம்பு வயலுக்கு முறை எப்போது என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அது சாப்ட்வேர். அணையும் சானலும் இல்லாமல் முறையை மட்டும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் ஒரு நாற்றுக்கூட நனையாது. முறை இல்லாமல் அணை மட்டும் இருந்தால் தலைமடைக்காரன் வயல் மூழ்கும், கடைவரம்புக்காரன் வயல் வெடிக்கும். இதில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது?

கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பதும் மடைதான். அதற்கு டிரான்சிஸ்டர் என்று பெயர். நம் மடையை ஆள் திறக்க வேண்டும். அந்த மடையை இன்னொரு மடை வழியாக வரும் மின்சாரமே திறக்கிறது, மூடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே வாய்க்காலில் இரண்டு மடைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், இரண்டும் திறந்திருந்தால்தான் தண்ணீர் போகும். இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும் என்பது அதன் பொருள். இரண்டு மடைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், ஏதாவது ஒன்று திறந்திருந்தாலே போதும். இதுவாவது அதுவாவது என்பது அதன் பொருள். திறந்திருந்தால் மூடு, மூடியிருந்தால் திற என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் கொண்டு கூட்டவும் கழிக்கவும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் கூடியதாக எதையும் கட்டிவிடலாம். இன்றைய உயர்தரக் கைப்பேசி ஒன்றின் சில்லுக்குள் இந்த மாதிரி மடைகள் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கின்றன. அந்த மடைகளுக்கு முறை எழுதுகிறவன் சாப்ட்வேர்க்காரன். மடையைக் கட்டுகிறவன் ஹார்ட்வேர்க்காரன். மடை எப்படித் திறக்கும் என்று தெரியாமல் முறை எழுதுகிறவனும், முறை என்னவென்று தெரியாமல் மடை கட்டுகிறவனும் பாதி வேலைக்காரர்கள் என்றுதான் நாம் சொல்லுகிறோம்.

ஒன்றில்லாமல் மற்றொன்று என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. இங்கிலாந்தில் அடா லவ்லேஸ் என்ற பெண்மணி, பாபேஜ் என்பவர் திட்டம் போட்டிருந்த கணக்கு யந்திரத்துக்கு இன்னின்ன வரிசையில் வேலை கொடுக்க வேண்டும் என்பதாக 1843ல் எழுதி வெளியிட்டார். அதாவது சாப்ட்வேர் எழுதிவிட்டார். ஆனால் பாபேஜ் அந்த யந்திரத்தைக் கட்டி முடிக்கவே இல்லை. ஓட்டுவதற்கு யந்திரம் இல்லாமல் அந்த எழுத்து காகிதத்திலேயே கிடந்தது.

அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு, 1946ல், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் எனியாக் என்ற கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். சுமார் 18 ஆயிரம் வால்வுகள் கொண்ட, ஒரு பெரிய கூடம் அளவு யந்திரம். அதற்கு வேலை கொடுக்கும் பொறுப்பு ஆறு பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது இன்றைக்கு இருப்பது போன்ற கம்ப்யூட்டர் பாஷைகள் கிடையாது. பாடப்புத்தகமும் கிடையாது. யந்திரத்தின் வரைபடங்களைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வரைபடத்தைப் படித்து, ஒவ்வொரு பகுதியும் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, கம்பிகளைப் பிடுங்கிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி, பீரங்கிக் குண்டு போகும் பாதையைக் கணக்கிடும்படி யந்திரத்தை நடத்திக் காட்டினார்கள். எங்கேயாவது கோளாறு வந்தால் அது முறையில் வந்த கோளாறா, வால்வில் வந்த கோளாறா என்பதையும் அவர்களே தேடிப் பிடித்தார்கள். அந்தப் பெண்கள் படித்தது ஹார்ட்வேரா, சாப்ட்வேரா? அன்று இப்படி ஒரு பிரிவே கிடையாது. வேலை ஒன்றுதான் இருந்தது. ஆனால் யந்திரத்தைக் கட்டிய ஆண்களுக்குக் கிடைத்த புகழ் அந்தப் பெண்களுக்கு வெகுகாலம் வரை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை நாம் ஏன் இவ்வளவு தூரம் சொல்லுகிறோம் என்றால், நம் ஊரில் பெண் பிள்ளை எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் என்றால், "அது ஆம்பிளைப் பிள்ளைகளுக்குள்ளது மக்களே, நீ சாப்ட்வேர் எடு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்" என்று சொல்லுகிற தாய் தகப்பன்மார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் பெண்ணின் பேரில் உள்ள அன்பினால்தான் சொல்லுகிறார்கள் என்பதை நாம் ஒத்துக்கொள்ளுகிறோம். ஆனால் உலகத்தின் முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்றைக் கம்பி செருகி ஓட்டிக் காட்டியவர்கள் பெண்கள் என்கிறபோது, ஒரு சிறிய மின்பலகையைத் தொட உங்கள் மகளுக்கு மட்டும் என்ன தடை என்று கேட்கின்றோம்.

இனி, பாதி தெரிந்தவர்களால் என்ன வருகிறது என்பதற்கு இரண்டு சங்கதிகள் சொல்லுகிறோம். 1996 ஜூன் 4ந்தேதி, ஐரோப்பியர்கள் ஏரியன் 5 என்ற புது ராக்கெட்டை முதல் தடவையாக விட்டார்கள். அதற்கு முந்தின ராக்கெட்டான ஏரியன் 4ல் ஒரு தப்பும் செய்யாமல் வேலை பார்த்த சாப்ட்வேரின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து இதிலும் வைத்திருந்தார்கள். புது ராக்கெட் பழையதைவிட வேறு விதமான வேகத்தில் போகக்கூடியது. அந்த வேகத்தைக் குறிக்கும் எண், சாப்ட்வேரில் அதற்கு ஒதுக்கியிருந்த இடத்துக்குள் அடங்கவில்லை. 32,767க்கு மேல் கொள்ளாத பெட்டியில் அதைவிடப் பெரிய எண்ணைத் திணிக்கப் பார்த்தது. வழிகாட்டும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அதற்குத் துணையாக வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அதே சாப்ட்வேர்தான் ஆகையால் அதுவும் நின்றுவிட்டது. புறப்பட்டு ஒரு நிமிஷம்கூட ஆகாமல் ராக்கெட் நான்கு விண்கலங்களோடு வானத்திலேயே சிதறிப்போயிற்று. சாப்ட்வேரை மட்டும் தனியே பார்த்தால் அது பழைய ராக்கெட்டில் பழுதில்லாமல் ஓடியதுதான். வேறு உடம்பில் கொண்டுபோய் வைத்ததுதான் பிழை.

மற்றொன்று இதற்கு நேர் எதிரானது. 1994ல் அமெரிக்காவில் ஒரு கணிதப் பேராசிரியர், இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லைக்கொண்டு கணக்குப் போட்டபோது, வகுத்தல் விடை தப்பாக வருவதைக் கண்டார். முதலில் தன் கணக்கைச் சோதித்தார், பிறகு தன் சாப்ட்வேரைச் சோதித்தார், கடைசியில் சில்லிலேயே பிழை என்று தீர்மானித்தார். சில்லுக்குள் செதுக்கி வைத்த ஒரு வாய்ப்பாட்டில் சில இடங்கள் விட்டுப்போயிருந்தன. அந்தப் பிழைக்காகக் கம்பெனி 47 கோடியே 50 லட்சம் டாலர் நஷ்டக் கணக்கு எழுத வேண்டியதாயிற்று. சில்லு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பியிருந்தால் பிழை வெளிப்பட்டிருக்குமா? யந்திரமும் மனிதன் செய்ததுதான், ஆகவே அதையும் சந்தேகிக்கலாம் என்று நினைக்கிற புத்தி அவரிடம் இருந்தது. அந்தப் புத்தி வருவதற்கு யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

அயல் நாட்டுக் கதை போதும். நம் பக்கத்துக்கு வருவோம். நம் ஜில்லாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போகக்கூடிய திருவனந்தபுரத்துத் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் சண்டிகர் பக்கத்திலுள்ள சர்க்கார் சில்லு ஆலையோடு சேர்ந்து, ராக்கெட்டை நடத்துவதற்கென்றே விக்ரம் 3201 என்ற சில்லைச் செய்தார்கள். இதற்கு முந்தினதான விக்ரம் 1601 என்ற சில்லு 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் வேலை செய்துவந்தது. இந்தச் சில்லு எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்பதைத் தும்பாவிலுள்ளவர்களே வகுத்தார்கள். நல்லது. ஆனால் அவர்களே வகுத்த பாஷையானபடியால் கடையில் வாங்கிய சாப்ட்வேர் அதற்குப் புரியாது. ஆகவே மனிதன் எழுதுவதைச் சில்லின் பாஷைக்கு மாற்றும் கம்பைலர் முதலான சாமான்களையும் அவர்களே எழுதவேண்டியதாயிற்று. அவர்கள் முதலில் எழுதிய கம்பைலர், முன் சொன்ன அடா லவ்லேஸ் பெயரால் வழங்கும் அடா என்ற கம்ப்யூட்டர் பாஷைக்கு உரியது.

அதே சமயத்தில் கல்பனா 3201 என்று இன்னொரு சில்லும் செய்தார்கள். அது உலகத்தில் ஏற்கனவே எல்லோருக்கும் திறந்திருக்கிற ஒரு கட்டளை வரிசையைப் பின்பற்றியது. ஆதலால் பிறர் எழுதிப் பொதுவில் வைத்த சாப்ட்வேர்க் கருவிகள் அதற்குப் பயன்படும். எந்தச் சில்லு செய்தால் எந்த சாப்ட்வேர் கிடைக்கும், எதை நாமே எழுத வேண்டிவரும் என்ற இந்தத் தீர்மானத்தை ஹார்ட்வேர் மட்டும் தெரிந்தவனால் செய்ய முடியுமா? சாப்ட்வேர் மட்டும் தெரிந்தவனால் செய்ய முடியுமா? இரண்டும் தெரிந்தவனால்தான் முடியும்.

அந்தச் சில்லுகளை 2025 மார்ச் மாதத்தில் இஸ்ரோவின் சார்பில் பெற்றுக்கொண்டவர் அதன் தலைவர் வி. நாராயணன் அவர்கள். நம் ஜில்லாவின் மேலகாட்டுவிளைக்காரர். தமிழில் பள்ளிப்படிப்புப் படித்து, டிப்ளமோவில் தொடங்கி, பிறகு மேல்படிப்புப் படித்தவர். அவருக்கு முன் 2018 முதல் 2022 வரை அதே பதவியில் இருந்த கே. சிவன் அவர்களும் நம் சரக்கல்விளைக்காரர்தான். விவசாயி மகன், நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணக்குப் படித்து, பிறகு சென்னையில் விமானப் பொறியியல் படித்தவர். ராக்கெட் போகும் பாதையை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிதாரா என்ற சாப்ட்வேருக்குப் பிரதான சிற்பி அவர். இவரைச் சாப்ட்வேர்க்காரர் என்பதா, யந்திரக்காரர் என்பதா? காரியம் என்ன கேட்டதோ அதைக் கற்றார். ஜாதி பார்த்துப் படிப்பைப் பிரிக்கவில்லை.

இவ்வளவும் ராக்கெட் சமாச்சாரம், நம் கடற்கரைக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லுகிறோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குப் புயல் வருகிறது என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. படகிலிருந்து ஆபத்து என்று விண்கலம் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ 2010லேயே செய்திருந்தது. ஆனால் அது ஒரு வழிப் பாதை. செய்தி போய்ச் சேர்ந்ததா, நம்மைத் தேடி யாராவது வருகிறார்களா என்பது படகில் இருப்பவனுக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வெளிவந்த இரண்டாவது தலைமுறைக் கருவியில்தான், செய்தி கிடைத்தது என்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது. அந்தக் கருவியைக் கைப்பேசியோடு இணைத்துச் செய்தியைத் தாய்மொழியிலேயே படிக்கவும் ஏற்பாடு இருக்கிறது.

இந்தக் கருவியைச் செய்வதற்கு என்ன தெரிய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உப்புத் தண்ணீருக்கும் அலையடிக்கும் தாங்க வேண்டும். பாட்டரி கரைக்கு வரும் வரை நிற்க வேண்டும். ஆண்டெனா ஆகாயத்தைப் பார்க்க வேண்டும். இது ஹார்ட்வேர். செய்தியைச் சிறிதாக்கி அனுப்பவும், திரும்பி வந்ததைப் பிரித்துத் தமிழில் காட்டவும் வேண்டும். இது சாப்ட்வேர். சாப்ட்வேர்க்காரன் அலட்சியமாக எழுதினால் பாட்டரி பாதியில் தீரும். ஹார்ட்வேர்க்காரன் அலட்சியமாகச் செய்தால் எழுதியது ஓடாது. இரண்டில் எது கெட்டாலும் கரையில் ஒரு தாய் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இனி நம்மை எதிர்த்துச் சொல்லப்படுவதையும் பார்ப்போம். சிலர், "இரண்டையும் படித்தால் இரண்டும்கெட்டானாகப் போய்விடுவான், அகல உழுவதைவிட ஆழ உழு என்று சொல்லியிருக்கிறார்களே" என்கிறார்கள். இது வீண் பேச்சல்ல. பதில் சொல்ல வேண்டிய பேச்சுத்தான். ஆனால் நாம் கேட்பது, இவை இரண்டு வயலா, ஒரே வயலா என்பதே. வைத்தியமும் வக்கீல் தொழிலும் சேர்த்துப் படி என்றால் இரண்டும்கெட்டான் என்பது சரி. கம்ப்யூட்டரின் உடம்பும் அதன் ஓட்டமும் ஒரே வயல். முதல் இரண்டு வருஷத்தில் அந்த வயலை முழுவதும் ஒரு சால் ஓட்டிவிட்டு, பிறகு எந்த மூலையில் மண் உனக்குப் பிடிக்கிறதோ அங்கே ஆழ உழு என்பதுதான் நம் அபிப்பிராயம். கடைசி வரையில் எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்கிறவனுக்கு எந்தப் படிப்பும் பிரயோஜனப்படாது. அன்றியும், கணக்கின் பேரிலேயே ஆசையுள்ள பிள்ளை, கம்பியைத் தொட இஷ்டமில்லாத பிள்ளை இருந்தால் அதைக் கட்டாயப்படுத்தி இதில் தள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? இதுதான் இன்றைய காரியம்.

முதலாவது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் ராஜ்யத்தில் இரண்டையும் சமபாதியாகச் சேர்த்த படிப்பு எல்லாக் கல்லூரிகளிலும் கிடைப்பதில்லை. பெரும்பாலும் கிடைப்பவை கம்ப்யூட்டர் சயன்ஸ் என்பதும், எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் என்பதும்தான். முன்னதில் சாப்ட்வேர் அதிகம், ஹார்ட்வேர் குறைவு. பின்னதில் ஹார்ட்வேர் அதிகம், சாப்ட்வேர் குறைவு. 2023ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, சில்லு வடிவமைப்புக்கென்றே தனிப் பட்டப்படிப்புக்கும், சில்லு உற்பத்திக்கென்று டிப்ளமோவுக்கும் பாடத்திட்டம் வெளியிட்டது. எந்தப் பெயரானாலும் பெயர் பலகைதான். சரக்கு உள்ளே இருக்கிறது.

இரண்டாவது, பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகமும் மற்றவைகளும் அதை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அதில் டிஜிட்டல் சர்க்யூட், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், மைக்ரோபிராசசர், எம்பெடட் சிஸ்டம் ஆகிய நான்கும் ஒரு பக்கம். புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர் ஆகிய நான்கும் மறுபக்கம். இந்த எட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆறுக்குக் குறையாமல் இருந்தால் அது இரண்டும் சேர்ந்த படிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். குறைவதை விருப்பப் பாடமாக எடுக்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விருப்பப் பாடம் என்று காகிதத்தில் பத்து இருக்கும். ஆசிரியர் இருப்பது இரண்டுக்குத்தான் என்றால் அந்த விருப்பம் யாருடைய விருப்பம்?

மூன்றாவது, சோதனைக்கூடத்தைப் போய்ப் பாருங்கள். கட்டடத்தைக் காட்டுவார்கள், பஸ்ஸைக் காட்டுவார்கள், வாசலில் இருக்கும் பிள்ளையாரையும் காட்டுவார்கள். நீங்கள் சோதனைக்கூடத்தைக் காட்டு என்று கேளுங்கள். மேஜையில் தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகள் கைபட்டுப் பலகை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை பேருக்கு ஒரு பலகை என்று கேளுங்கள். மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருவனை ஏஜெண்டு இல்லாத இடத்தில் கூப்பிட்டு, நீ சொந்தமாகச் செய்தது என்ன என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லுகிற விதத்திலேயே கல்லூரி தெரிந்துவிடும்.

நான்காவது, பணம். ராஜ்யத்தில் 2021ல் வந்த சட்டப்படி, சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகிதம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப்படி சேருகிறவர்களுடைய படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் விளையை விற்காதீர்கள். நம் கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் இருக்கிறது, சர்க்கார் பாலிடெக்னிக்கும் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவன் நேரே பொறியியல் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். டிப்ளமோ என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு மேலகாட்டுவிளையைத்தான் மறுபடியும் காட்ட வேண்டும். வீட்டை விட்டுப் போக வசதியில்லாதவர்களுக்காக, சென்னை ஐ.ஐ.டி. 2023 முதல் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் என்ற பட்டப்படிப்பைப் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே நடத்திவருகிறது. ஹார்ட்வேரும் சாப்ட்வேரும் கலந்த படிப்பு அது. சோதனைக்கூட வேலைக்கு மட்டும் நேரில் போக வேண்டும்.

ஐந்தாவது, சேருவதற்கு முன் பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள். அதாவது பிள்ளை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளட்டும். சில நூறு ரூபாய்க்கு ஆர்டினோ மாதிரியான சிறு பலகை கிடைக்கிறது. அதில் ஒரு விளக்கை எரியவிட்டு அணைக்கச் செய்து பார்க்கட்டும். பிறகு, கிணற்று மோட்டாரைத் தண்ணீர் நிறைந்தவுடன் நிறுத்தும்படி செய்ய முடியுமா என்று யோசிக்கட்டும். இஸ்ரேல் நாட்டுப் பேராசிரியர்கள் இருவர் நாண்ட் டு டெட்ரிஸ் என்று ஒரு பாடம் அமைத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மடையில் ஆரம்பித்து, படிப்படியாகக் கம்ப்யூட்டரைக் கட்டி, அதில் ஒரு விளையாட்டை ஓட்டுவது வரையில் அதில் போகலாம். முதல் இரண்டு பாடத்தைச் செய்து பார்த்து, மூன்றாவதைச் செய்ய ஆசை வருகிறதா என்று பார்க்கட்டும். அந்த ஆசை வந்தால் அதைவிட நல்ல ஜாதகம் வேறு இல்லை.

கடைசியாக, வேலை நிச்சயமா என்று கேட்பீர்கள். நிச்சயம் என்று சொல்லுகிறவனை நம்பாதீர்கள். அவன் ஜோசியனுக்குத் தம்பி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, சாதாரணமான புரோகிராமை யந்திரமே எழுதத் தொடங்கிவிட்டது. ஆகையால் சொன்னதை எழுதுவது மட்டும் தெரிந்தவனுக்கு ஆபத்து இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். ஆனால் யந்திரம் எழுதியதைச் சரியா தப்பா என்று பார்க்கவும், அது எந்த உடம்பில் எப்படி ஓடும் என்று கணக்கிடவும் மனிதன் வேண்டும். மடையும் தெரிந்து முறையும் தெரிந்தவனுக்கு அந்த வேலையில் கை ஓங்கியிருக்கும். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்டவும் அவனால் முடியும்.

தோழர்களே! நாம் சொன்னதையும் நம்பிவிடாதீர்கள். பாடத்திட்டம் இணையத்தில் இருக்கிறது, கல்லூரி பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது, பலகை கடையில் இருக்கிறது. மூன்றையும் பார்த்துவிட்டு, நாம் சொன்னது தப்பு என்று பட்டால் தள்ளிவிடுங்கள். ஆனால் பார்க்காமல் மட்டும் பணம் கட்டாதீர்கள். தேங்காயைச் சுண்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. மக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: கை அழுக்காவதில் கேவலம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் கேவலம் இருக்கின்றது.